கடைக்குப் போக முன் தாங்கியைப் பாருங்கள்: யாழ்ப்பாணத்துச் சிறு குடும்பத்துக்கு மாற்று வாஷிங் மெசின்

பழைய வாஷிங் மெசின் நின்றுவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "எந்தக் கொம்பனி நல்லது?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். தண்ணீர்த் தாங்கி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது முதலாவது. கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் பாராமல் கடையில் பார்த்த அழகுக்கு எடுத்த மெசின்கள்தான் இங்கே நாலைந்து வருடத்தில் விறாந்தை மூலையில் சாமான் வைக்கும் மேசையாகிவிடுகின்றன.

பழையது உண்மையாகவே முடிந்துவிட்டதா?

கழிக்க முன் அரை மணித்தியாலம் செலவழித்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொடவேண்டும்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிறைகிறதென்றால், குழாயைப் பூட்டி, பின்பக்க ஹோசைத் திருகிக் கழற்றுங்கள். மெசின் வாயிலில் விரல் நுனியளவு வலைவடி ஒன்று இருக்கும். குறட்டால் மெதுவாக இழுத்தால் வரும். எங்கள் தண்ணீரில் அது மணலாலும் சுண்ணாம்பாலும் அடைபடுவது வழமை. வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துப் போட்டால் வேலை முடிந்தது.

தண்ணீர் வெளியேறவில்லையென்றால், முன்கதவு மெசினில் கீழ் மூலையில் உள்ள சிறு மூடியைத் திறந்து பம்ப் வடியைப் பாருங்கள். சில்லறைக் காசு, சட்டை ஊசி, குழந்தையின் காலுறை, ஏதாவது ஒன்று அகப்படும். திறக்க முன் கீழே ஒரு தட்டும் பழைய துவாயும் வையுங்கள். இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் கொட்டும்.

இரட்டைத் தொட்டி மெசின் (தோய்க்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி) உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் சுற்றத் தொடங்குகிறது என்றால் பெரும்பாலும் மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் போய்விட்டது. மலிவான பாகம், மாற்றுவதும் சுகம். வேலையை மட்டும் மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும்.

பிழியும்போது விமானம் ஏறுவதுபோல் இரைச்சல் வந்தால் டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் தேய்ந்துவிட்டது. முன்கதவு மெசினில் உள்டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டிரம் தனியாகத் தளர்ந்து ஆடினால் சந்தேகமில்லை. பல முன்கதவு மெசின்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்பட்டவை. பெயரிங்கை மட்டும் மாற்ற முடியாது, தொட்டியோடுதான் மாற்றவேண்டும். அந்தச் செலவு புது மெசின் விலையில் பாதியைத் தாண்டி, மெசினுக்கும் ஏழெட்டு வயது ஆகியிருந்தால் திருத்தாதீர்கள். சர்க்கியூட் போட்டுக்குள் பல்லி புகுந்து கருகியிருந்தாலும் இதே கணக்குத்தான்.

தாங்கியின் உயரம்

தானியங்கி மெசின் ஒவ்வொன்றின் விபரப் பட்டியலிலும் "நீர் அழுத்தம்" என்று ஒரு வரி இருக்கும். குறைந்த அளவு பெரும்பாலும் 0.03, 0.05 அல்லது 0.1 மெகாபஸ்கால் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருப்பார்கள். தாங்கித் தண்ணீர் மட்டத்துக்கும் மெசின் வாயிலுக்கும் இடையே ஒரு மீற்றர் உயரம் இருந்தால் 0.01 மெகாபஸ்கால் கிடைக்கும். இதை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம்.

குளியலறைத் தட்டின் மேல், பத்தடியில் தாங்கி இருக்கிறது என்று வையுங்கள். அது மூன்று மீற்றர். மெசின் வாயில் நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றரில் இருக்கும். மிச்சம் இரண்டு மீற்றர், அதாவது 0.02. பெரும்பாலான தானியங்கிகளுக்கு இது பற்றாக்குறை. பதினைந்தடித் தூணில் இருந்தால் 0.035 அளவு வரும். 0.03 கேட்கும் மேல்கதவு மெசின் இதில் ஓடும், 0.05 கேட்கும் முன்கதவு மெசின் திணறும். இருபதடிக்கு மேல் என்றால் 0.05ஐத் தொடலாம். 0.1 கேட்கும் மெசினுக்கு மாடி வீட்டின் மேல் தாங்கி வைத்தாலும் பம்ப் இல்லாமல் சரிவராது.

அழுத்தம் குறைந்தால் இரண்டு கோளாறு வரும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிறையாமல் மெசின் பிழை காட்டி நின்றுவிடும். எல்ஜியில் 'ஐஈ', சாம்சங்கில் '4ஈ' அல்லது '4சி' என்று வருவது இதுதான். மற்றது பலருக்குப் புரியாதது. மெசின் நிற்பாட்டியிருக்கும்போதே உள்ளே தண்ணீர் கசிந்து நிறையும். உள்ளிருக்கும் மின்வால்வை இறுக்கி மூடிவைப்பது தண்ணீரின் அழுத்தமே. அது போதாவிட்டால் இறப்பர் தகடு முழுதாக அமராது. வால்வு பழுது என்று சொல்லி மாற்றுவார்கள், புதுசும் அப்படியே கசியும்.

அழுத்தம் சரியாக இருந்தும் ஓட்டம் குறையலாம். மெசின் பூட்டப்போகும் குழாயின் கீழ் பத்து லீற்றர் வாளியை வைத்து முழுதாகத் திறந்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் முதலில் குழாய் வழியைச் சரிபாருங்கள். தாங்கியிலிருந்து முக்கால் அங்குலக் குழாயில் நேராக ஒரு கிளை இழுத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீரும். உயரமே இல்லையென்றால் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தானாக இயங்கும் சிறிய அழுத்தப் பம்ப் ஒன்று பூட்டவேண்டும். அதன் விலையையும் மெசின் விலையோடு கூட்டிப் பாருங்கள். இரட்டைத் தொட்டி மெசினுக்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. கிணற்றடியிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினாலும் தோய்க்கும்.

கிணற்றுத் தண்ணீர்

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்தலின் அடியைப் பாருங்கள்: ஒரு மாதத்தில் வெள்ளைத் தகடு படிந்தால் அதே தகடு மெசினின் சூடாக்கியிலும் படியும். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் இதனோடு உவர்ப்பும் சேரும். வாயில் விட்டுப் பார்த்தாலே தெரியும்.

இரண்டும் மெசினை வேறு வேறு விதமாகக் கெடுக்கின்றன. சுண்ணாம்பு, சூடாகும் இடத்தில் படியும். சூடாக்கியின் மேல் ஓடு தடிக்க, வெப்பம் வெளியேறாமல் கம்பி எரிந்துபோகும். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இயல்பாகவே 28 பாகை அளவில் வருகிறது. அன்றாட உடுப்புக்கு அதைச் சூடாக்கத் தேவையில்லை. குளிர்நீர்த் திட்டத்திலேயே தோய்த்து, மாதம் ஒருமுறை மட்டும் 60 பாகையில் வெறும் மெசினை ஓட விடுங்கள். அந்த ஓட்டத்தில் 100 கிராம் சிற்றிக் அசிற் தூளை டிரம்மில் போட்டால் சுண்ணாம்பு கரையும். அதோடு வெளிற்றும் திரவத்தையோ குளோரினையோ சேர்க்கவே கூடாது. நச்சுவாயு வரும். வினாகிரியை இதற்கு அடிக்கடி பாவித்தால் இறப்பர் வளையம் கெட்டுவிடும். வலைவடிக்கு அது போதும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உவர்நீர் உலோகத்தைத் தின்னும். முன்கதவு மெசினின் டிரம் துருப்பிடிக்காத உருக்கு. ஆனால் அதன் பின்னால் டிரம்மைத் தாங்கும் மூன்று கால் அச்சுப்பகுதி பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. உவர்நீரும் காரமான சவர்க்காரத் தூளும் இரு உலோகங்களுக்கும் இடையில் தங்கும்போது அலுமினியம் அரிபட்டு, ஒருநாள் பிழியும் வேகத்தில் முறியும். தண்ணீர் வாயில் உவர்த்தால் முன்கதவு மெசின் பக்கம் போகவேண்டாம் என்பதே எங்கள் முடிவு. வேலணை, புங்குடுதீவுப் பக்கம் பிளாஸ்ரிக் உடலும் பிளாஸ்ரிக் அடித்தட்டும் கொண்ட இரட்டைத் தொட்டிதான் நிலைக்கும். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் நீர் வீட்டுக்கு வந்திருந்தால், அதையும் கேத்தலில் ஒரு மாதம் பார்த்துவிட்டு, படிவு குறைவென்றால் மெசினை அதில் பூட்டுங்கள்.

மாரியில் பீலித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு சொல்: அதில் சுண்ணாம்பே இல்லை. இரட்டைத் தொட்டியிலோ மேல்கதவு மெசினிலோ வாளியால் ஊற்றித் தோய்த்தால் பாதிச் சவர்க்காரம் போதும். வெள்ளை வேட்டியும் பள்ளிக்கூடச் சட்டையும் மங்காது.

மூன்று வகையில் எது?

இரட்டைத் தொட்டி: தோய்ப்பது ஒன்றில், பிழிவது மற்றதில். விலை குறைவு, திருத்தச் சுகம், கரண்ட் போய்வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தோய்த்த சவர்க்காரத் தண்ணீரை அடுத்த சுற்று அழுக்குச் சாரத்துக்கும் பாவிக்கலாம். ஆவணியில் கிணறு வற்றும் வீட்டுக்கு அது சின்ன விசயமில்லை. குறை, பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும். நனைந்த இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு தொட்டியிலிருந்து மற்றதுக்குத் தூக்கவும் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மாவும் அப்பாவும் தனியே என்ற வீட்டுக்கு இது பொருந்தாது. அடிக்கடி கெடுவது பிழியும் தொட்டியின் அடி இறப்பர். அது கிழிந்தால் தண்ணீர் நேரே மோட்டர் மேல் விழும். அடியில் சொட்டுக் கண்ட அன்றே மாற்றுங்கள், மோட்டர் தப்பும்.

மேல்கதவுத் தானியங்கி: குனிய வேண்டாம், இடையில் திறந்து மறந்துபோன சட்டையைப் போடலாம், குறைந்த அழுத்தத்தைத் தாங்கும் மொடல்கள் கிடைக்கும். ஆனால் தண்ணீர் குடிக்கும். ஏழு கிலோ மெசின் ஒரு முழு ஓட்டத்துக்கு 100 லீற்றருக்கும் மேல் எடுக்கும். 500 லீற்றர் தாங்கியுள்ள வீட்டில் தோய்க்கிற நாளில் குளிக்கும் நேரத்தையும் யோசிக்கவேண்டும்.

முன்கதவு: அதே உடுப்பை ஏறக்குறையப் பாதித் தண்ணீரில் தோய்க்கும், துணியைக் குறைவாகத் தேய்க்கும், பட்டுக்கரைச் சீலைக்கும் நல்லது. அழுத்தம் வேண்டும், மட்டமான தளம் வேண்டும், நுரை குறைந்த தூள் வேண்டும். ஒரு ஓட்டம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலும் போகும். கதவு இறப்பரை ஒவ்வொரு முறையும் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைக்காவிட்டால் எங்கள் புழுக்கத்தில் பூஞ்சை மணம் வரும்.

இரண்டு மூன்று பேர் உள்ள, உவர்ப்பில்லாத கிணறும் பதினைந்தடிக்கு மேல் தாங்கியும் உள்ள வீட்டுக்கு மேல்கதவு ஏழு கிலோவே எங்கள் முதல் தெரிவு. தாங்கி இருபதடிக்கு மேலென்றாலோ அழுத்தப் பம்ப் பூட்டத் தயாரென்றாலோ முன்கதவு. மற்ற எல்லோருக்கும் இரட்டைத் தொட்டி.

எத்தனை கிலோ?

பெட்டியில் எழுதியிருப்பது காய்ந்த பருத்தித் துணியின் நிறை. நடைமுறையில் அதன் முக்கால் பங்குக்கு மேல் போட்டால் அழுக்குப் போகாது. சாரம் ஒன்று 300 கிராம், துவாய் 400 முதல் 500, ஜீன்ஸ் 700, நூல் சீலை 500, இரட்டைக் கட்டில் விரிப்பு 800 அளவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பேரின் மூன்று நாள் உடுப்பு நாலு கிலோவைத் தாண்டுவது அரிது. ஆறரை அல்லது ஏழு கிலோ போதும். "விருந்தாளிகள் வந்தால்" என்று பத்துக் கிலோ எடுப்பவர்கள், ஆவணித் திருவிழாவுக்கு வரும் பத்து நாள் கூட்டத்துக்காக மிச்ச 355 நாளும் கூடுதல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெரிய டிரம்மில் கொஞ்ச உடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, பிழியும்போது மெசின் ஆடி நிற்பதும் இதனால்தான்.

பிழியும் வேகம்

சோழகம் வீசும் மாதங்களில் முற்றத்துக் கொடியில் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அப்போது எந்த மெசினும் நன்றாகப் பிழியும். சோதனை ஐப்பசி, கார்த்திகையில். வடகீழ்ப் பருவமழையில் விறாந்தைக் கொடியில் மூன்று நாள் தொங்கி மணக்கும் உடுப்புக்குத்தான் பிழியும் வேகம் தேவை.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். டிரம்மின் அகலமும் சேர்ந்ததுதான் விசை. 48 சென்ரிமீற்றர் அகல முன்கதவு டிரம் 1000 சுற்றில் உடுப்பைப் புவியீர்ப்பின் 270 மடங்கு விசையில் அழுத்தும். 50 சென்ரிமீற்றர் மேல்கதவு டிரம் 700 சுற்றில் 140 மடங்குதான். இரட்டைத் தொட்டியின் ஒடுங்கிய பிழியும் கூடை, 24 சென்ரிமீற்றர் அகலத்தில் 1350 சுற்றில், 245 மடங்கைத் தரும். அதாவது மலிவான இரட்டைத் தொட்டி, விலை கூடிய மேல்கதவை விட நன்றாகப் பிழியும். மேல்கதவு எடுப்பவர்கள் மாரியில் இரண்டாம் முறை தனியாகப் பிழிய விட்டால் குறை ஓரளவு சரியாகும்.

கரண்ட்

சூடாக்கி உள்ள மெசின் 2000 வாற் வரை இழுக்கும். 230 வோல்ற்றில் அது ஒன்பது அம்பியருக்குக் கிட்ட. 13 அம்பியர் சதுரப்பின் சொக்கற் ஒன்று தனியாக, நிலக்கம்பியோடு (எர்த்) வேண்டும். பழைய வீடுகளின் ஐந்து அம்பியர் வட்டப்பின் சொக்கற்றில் மாற்றி மாட்டினால் சொக்கற் உருகும். கிணற்றுப் பம்பையும் மெசினையும் ஒரே நீட்டுக் கம்பியில் ஓட விடாதீர்கள். மெசின் உடலைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதென்றால் நிலக்கம்பி இல்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் இடம் அது. சரிசெய்யும்வரை பாவிக்கவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சர்க்கியூட் போட்டுக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் மெசின்

கனடாவிலிருந்து அண்ணா கப்பலில் போட்டு அனுப்புகிறேன் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். அது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. மோட்டர் மெதுவாக ஓடிச் சூடாகும். லண்டன் மெசின் ஓடும், பிளக்கும் பொருந்தும். ஆனால் அதற்குரிய பம்ப், இறப்பர், போட் எதுவும் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது. அனுப்பும் செலவைப் பணமாக அனுப்பினால் இங்கேயே உத்தரவாதத்தோடு எடுக்கலாம்.

கடையில் கேட்கவேண்டியவை

"பத்து வருட உத்தரவாதம்" என்ற பெரிய எழுத்து பெரும்பாலும் மோட்டருக்கு மட்டும். போட், பம்ப், கூலி ஆகியவற்றுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். திருத்துபவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கடை. வெளித்தொட்டி கழற்றக்கூடியதா, ஒட்டியதா என்பது விற்பனையாளருக்குத் தெரியாது. திருத்தும் பிரிவுக்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அடித்தட்டு மூடியுள்ளதா என்று குனிந்து பாருங்கள். திறந்த அடி எலிக்கு வாசல். கம்பியைக் கடித்தால் அது உத்தரவாதத்தில் வராது.

வீட்டிலிருந்து போக முன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து கொண்டுபோங்கள். முன்கதவு மெசின் 60 சென்ரிமீற்றர் அகலம். இரட்டைத் தொட்டி 75 முதல் 80 அகலம், ஆனால் 45 தடிப்புத்தான் என்பதால் பக்கவாட்டில் நுழையும். மேல்கதவு மூடியைத் திறக்க நிலத்திலிருந்து ஏறக்குறைய நாலரை அடி வெறுமையாக வேண்டும். மேலே தட்டு அடித்திருந்தால் முட்டும்.

பூட்டும் நாள்

கொண்டுவருபவர்கள் நிற்கும்போதே முன்கதவு மெசினின் பின்னாலுள்ள, வழியில் தொட்டி ஆடாமல் இறுக்கிவைக்கும் பயண ஆணிகள் எல்லாவற்றையும் கழற்ற வையுங்கள். கழற்றாமல் ஓடவிட்டால் முதல் பிழிதலிலேயே மெசின் அறை முழுக்க நடக்கும், தொட்டியும் வெடிக்கும். ஆணிகளை எறியாமல் வையுங்கள், வீடு மாறும்போது தேவை.

கழுவும் இடங்களின் தளம் வடிகாலுக்குச் சரிந்திருக்கும். நாலு அங்குல உயரத்தில் மட்டமான கொங்கிறீற் மேடை ஒன்று கட்டி, அது காய ஒரு கிழமை விட்டு மெசினை வையுங்கள். மேடை, வெள்ளத் தண்ணீரையும் எறும்பையும் சேர்த்துத் தடுக்கும். கால்களைத் திருகி மட்டம் பார்த்து, மூலைகளை அழுத்திப் பாருங்கள். எதுவும் ஆடக்கூடாது.

கழிவு ஹோஸில் தான் அதிகம் பிழைவிடுகிறார்கள். முன்கதவு மெசினில் பம்ப் உண்டு. ஹோசின் வாய் நிலத்திலிருந்து இரண்டு முதல் மூன்றடி உயரத்தில் வளைந்து நிற்கவேண்டும். நிலத்தில் கிடந்தால் நிறையும் தண்ணீர் தானே இழுபட்டு வெளியேறிக்கொண்டிருக்கும், மெசின் நிறைத்துக்கொண்டே இருக்கும். பல மேல்கதவு மெசின்களிலும் பெரும்பாலான இரட்டைத் தொட்டிகளிலும் பம்ப் இல்லை, தண்ணீர் தன் பாரத்தால் இறங்கவேண்டும். அந்த ஹோஸ் ஒரு வாசற்படியைக்கூட ஏறாது. குசினிக்குள் வைத்து படிக்கு மேலால் முற்றத்துக்கு இழுத்தால் அரைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

வெளியே விடும் தண்ணீரைக் கிணற்றடிக்குக் கிட்ட விடவேண்டாம். சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே அது வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். வாழைக்கு விடுவதென்றால் முதல் சவர்க்காரத் தண்ணீரைத் தவிர்த்து, அலசிய தண்ணீரை மட்டும், இடத்தை மாற்றி மாற்றி விடுங்கள்.

முதல் ஓட்டம் உடுப்பில்லாமல், கொஞ்சத் தூளோடு. அது முடிந்ததும் இரண்டு ஹோஸ் பூட்டுகளிலும் காய்ந்த கடதாசியைச் சுற்றிப் பாருங்கள். கடதாசி நனைந்தால் கால் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள்.